கிடாய் ஏறிப்போன பஸ்

அந்தக் கூடையை பஸ்ஸின் கூரைக்குத் தூக்கிக் கொடுத்தவன் நான்தான். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இனி இதை எழுதினால் ஊரை ஆளும் எந்த ஆராச்சியும் என் பாதத்தை அளக்க வரமாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

சுபஹ் தொழுதுவிட்டுக் கடையைத் திறக்க வந்தேன். நல்ல பனி. கடைக்கு எதிரே பஸ் நின்றுகொண்டு, குளிர்காய்ச்சல்காரனைப் போல முழு உடம்பும் நடுங்கிக்கொண்டிருந்தது. பெற்றோல் மணமும் ஈர வெற்றிலை மணமும் ஒன்றாய்க் கலந்து வந்தன. வெள்ளைச் சாரமும் கோட்டும் சப்பாத்தும் போட்ட ஒரு வாலிபர் பெரிய மூங்கில் கூடையொன்றின் பக்கத்தில் நின்றார். கூடையின் வாயைச் சாக்கால் மூடித் தைத்திருந்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும் நானா. ஒரு கை குடுக்க ஏலுமா? பலாக்காய். மிச்சம் பாரம்."

ஸலாம் சொன்ன மனிசனுக்குக் கை கொடுக்காமல் நிற்பதா? பிஸ்மி சொல்லித் தோளைக் கொடுத்தேன். மேலே நின்று இழுத்தவன் கொண்டக்டர் முத்தையா.

"என்னாங்க மொதலாளி, பலாக்காயா பாறாங்கல்லா?"

"பார்த்து வை முத்தையா. ஏழைட சாமான். உருட்டாத."

முத்தையா இறங்கி வந்தான். கையில் வழக்கம்போல வாழைப்பழத் தோல். "நம்ம கிடாயக் காணோமுங்களே?"

"வீட்டில மைமூன் இன்னும் கயித்த அவிழ்க்கல்ல போல" என்றேன்.

ட்ரைவர் ரப்பர் ஹோர்னை அமுக்கினார். போம், போம். மேலேயிருந்து 'ம்ஹெ' என்று ஏதோ சத்தம். உடனே அந்த வாலிபர் குனிந்து இருமினார். மறுபடியும் போம், போம். மறுபடியும் சத்தம். மறுபடியும் இருமல். இந்த முறை கண்ணில் தண்ணீர் வருமளவுக்கு.

எனக்கு மனசு கேட்கவில்லை. "நெஞ்சில சளி கட்டீக்கி தம்பி. கொத்தமல்லியும் இஞ்சியும் அவிச்சிக் குடிங்க."

"கட்டாயம் குடிக்கிறேன் நானா. எனக்காக துஆ செய்ங்க."

பஸ் போன பிறகு, நின்ற இடத்திலேயே கையேந்தி துஆவும் செய்தேன்.

ஏதண்டக் காலம்

எங்கள் ஊர் கெலிஓயாவிலிருந்து உள்ளே இரண்டு கட்டை தூரம். நான் வாலிபனாயிருந்த நாளில் ஊருக்குள் வர ஒரே ஒரு ஒற்றையடிப் பாதைதான். பாதையின் முடிவில் ஓடை. ஓடைக்குக் குறுக்கே ஒரு மரத்தை வெட்டிப் போட்டிருப்பார்கள். சிங்களத்தில் அதற்கு ஏதண்ட என்று பெயர். அந்த மரத்தின் இந்தப் பக்கத்தில் ஆராச்சியின் வீடு. விறாந்தையில் கதிரை போட்டு அவர் உட்கார்ந்திருப்பார். ஊருக்குள் வருகிறவனும் போகிறவனும் அவர் மூக்குக்கு முன்னால்தான் போக வேண்டும்.

அப்போதும் திருட்டு இருந்தது. இல்லாமல் இருக்குமா? ஆனால் திருடிய பொருளுக்குப் போக இடமில்லை. சேவலைத் திருடியவன் வீட்டில் விடியற்காலை அந்தச் சேவல் கூவும். மூன்று வீடு தள்ளி உரியவன் படுக்கையிலிருந்தே, "இது எண்ட சேவல்ட குரலல்லவா!" என்று எழும்புவான். பாக்குத் திருடியவன் அதைக் காயப்போட்டே ஆக வேண்டும். கமுகு ஒன்றுகூட இல்லாத வளவில் பாக்குக் காய்ந்தால் ஊருக்குக் கண் இல்லையா?

அதற்கும் மேலே ஆராச்சியின் ஈர்க்கு. களவு போன இடத்தில் கால் தடத்தை ஈர்க்கால் அளந்து, சரியாக ஒடித்து, காதுமடலில் செருகிக்கொண்டு வீடு வீடாகப் போவார். நண்பகல் லுஹர் தொழுகைக்குள் காரியம் முடிந்துவிடும். கள்ளன் தலையைச் சொறிந்துகொண்டு, "பசி மாத்தயா" என்பான். அவனைத் திட்டிவிட்டு அவனுக்கே ஒரு பிடி சோறும் போடுவார்கள்.

ரயில் போகும் இடத்துத் திருட்டு வேறு மாதிரி. என் மாமா கடுகண்ணாவையில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். அந்தக் கணவாயில் சாமான் ரயில் ஏறுவதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நிறைமாதக்காரி படியேறுவதுபோல, நின்று நின்று, மூச்சு விட்டு விட்டு. கூடவே நடந்து போகிறவன் ரயிலுக்கு ஸலாம் சொல்லி, பதில் வாங்கி, மூட்டையையும் வாங்கிக்கொள்ளலாம். அப்படி ஒரு நாள் இரண்டு பேர் ஒரு பீப்பாவை உருட்டித் தள்ளிவிட்டார்கள். சாராயம் என்று நினைப்பு. பற்றைக்குள் ஒளித்து வைத்து, வாயைக் கொஞ்சம் உடைத்துவிட்டு, குவளை எடுத்து வரப் போனார்கள். போன இடத்தில் மழை பிடித்துக்கொண்டது. திரும்பி வந்து பார்த்தால் சீமெந்து. கல்லாகிவிட்டது. பிறகு அது மாமாவின் கடைக்கு முன்னால் ஆசனமாக வெகுகாலம் கிடந்தது. அதில் உட்காரும்போதெல்லாம் மாமா சொல்வார்: "ரெண்டு பேரக் குடியிலருந்து அல்லாஹ் காப்பாத்தின எடம்."

பஸ்ஸும் மண்சரிவும்

பிறகு ஏதண்டவை எடுத்துவிட்டுப் பாலம் கட்டினார்கள். பாதையை வெட்டி அகலமாக்கினார்கள். பஸ் வந்தது. காலையில் ஒன்று கண்டிக்குப் போகும், பின்னேரம் அஸருக்கு ஒன்று திரும்பி வரும். என் கடைவாசலில்தான் திரும்பும். பாண் வந்தது, பத்திரிகை வந்தது, மைமூனுக்கு டொக்டரிடமிருந்து மருந்துப் போத்தல் வந்தது. நன்றி மறக்கக் கூடாது.

ஆனால் வந்த வழியே ஊர்ச் சாமானும் போகத் தொடங்கியது. சேவல் காணாமல் போனால், அது கூவும்போது கண்டியில் இருக்கும். ஈரப் பாக்கு வேறு யாருடைய வளவிலோ காயும். ஆராச்சி தடம் பிடித்து வருவார். றோட்டு ஓரம் வரைக்கும் கால் தடம். அதற்கப்புறம் டயர் தடம். டயரை எந்த ஈர்க்கால் அளப்பது?

இன்னொன்று கவனித்தேன். பெரிய மழையில் மண் சரிந்து இரண்டு கிழமை பாதை மூடிக் கிடந்தது. அந்த இரண்டு கிழமையும் ஊரில் ஒரு முட்டைகூடக் களவு போகவில்லை. எங்கள் நல்லொழுக்கத்தைப் பற்றி ஆராச்சி மேலிடத்துக்கு எழுதி அனுப்பினார். மண்ணை அள்ளி முடித்து பஸ் வந்த முதல் நாளே அவருடைய சொந்த வாத்து இரண்டைக் காணவில்லை.

வெட்டாத காது

இப்போது கிடாயின் கதை.

காய்ச்சல் வருஷம் ஒன்று வந்தது. என் மனைவி மைமூன் நாற்பது நாள் பாயோடு கிடந்தாள். முன்பெல்லாம் அவள் சிரித்தால் பள்ளிவாசல் முடுக்கு வரைக்கும் கேட்கும், உம்மா கண்டிப்பார். அந்த மனிசி சுருண்டு ஒரு துணிப்பொட்டலம் போலக் கிடந்தாள். வீட்டில் நின்ற ஆடு அந்த நேரத்தில்தான் ஒரு கறுப்புக் குட்டி போட்டது. குட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு, "யா அல்லாஹ், இவளை எழுப்பி விடு. இந்தக் குட்டியை என் கையாலேயே வளர்த்து ஹஜ்ஜுப் பெருநாளைக்கு உனக்காக அறுத்துக் குர்பான் கொடுக்கிறேன்" என்று நேர்ச்சை வைத்தேன். அவன் எழுப்பிவிட்டான். சிரிப்பு மட்டும் திரும்பி வரவில்லை. அதையும் சேர்த்துக் கேட்க எனக்குத் தோன்றாமல் போய்விட்டது.

எங்கள் பக்கத்தில் ஆடு வளர்க்கிறவர்கள் காதில் அடையாள வெட்டு வைப்பார்கள். ஒருவருக்கு இடது காதின் நுனி, ஒருவருக்கு வலது காதில் பிறை. எந்த வெட்டு எந்த வீடு என்று ஆராச்சிக்குப் பாடம். ஆனால் குர்பான் பிராணிக்குக் குறை இருக்கக் கூடாது. காது வெட்டுப்பட்டால் கூடாது. அதனால் என் கிடாயின் காதை முழுசாக விட்டேன்.

"முதலாளி, இது விலாசம் எழுதாத கடுதாசி" என்று ஆராச்சி அப்போதே எச்சரித்தார். "யார் எடுத்தாலும் அவனுக்குத்தான்."

"அல்லாஹ்வுக்கு விலாசம் தெரியும் மாத்தயா" என்றேன். பெருமையாகச் சொல்லிவிட்டேன். அதற்குத்தான் பாடம் கிடைத்தது.

கிடாய்க்கு ஒரு பழக்கம் இருந்தது. ஹோர்ன் சத்தம் கேட்டால் போதும், எங்கே நின்றாலும் குரல் கொடுத்துக்கொண்டு ஓடிவந்து பஸ்ஸின் மிதிபலகையில் முன்னங்கால் இரண்டையும் வைத்து நிற்கும். முத்தையா வாழைப்பழத் தோல் கொடுப்பான். தின்றுவிட்டுத்தான் இறங்கும்.

பலாக்காய் இருமுமா?

பஸ் போய் ஒரு மணித்தியாலம் இருக்கும். மைமூன் கையில் அறுந்த கயிற்றோடு கடைவாசலில் வந்து நின்றாள். "இஞ்ச பாருங்கோ, கிடாயக் காணல்ல."

எனக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை. பிறகு அந்த இருமல் காதில் கேட்டது. ஹோர்ன் அடித்தால் கூடைக்குள் 'ம்ஹெ', அதை மூட ஒரு இருமல். ஹோர்ன் நின்றால் இருமலும் நிற்கிறது. பலாக்காய் இருமுமா? என் தோள்மூட்டைத் தொட்டுப் பார்த்தேன். கூடையின் பாரம் இன்னும் அங்கே வலித்தது.

வாயைத் திறக்கவில்லை. வெட்கம்.

ஆராச்சி வந்தார். கொட்டிலிலிருந்து கோப்பிச் செடிகளுக்குள்ளால் குளம்புத் தடம். மதகுக்குப் பின்னால் கூடை வைத்த வட்டம். அங்கிருந்து பஸ் நின்ற இடம். குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"ரெண்டு ஆள். ஒண்ணு சப்பாத்துக் கால், அது வெளியூர்க் கால். மத்தது வெறுங்கால். பெருவிரல் தனியாப் போகுது பாருங்க. இது இந்த ஊர்க் கால் முதலாளி. உள்ளுக்கே ஒரு கள்ளன் இருக்கான்."

ஈர்க்கை வைத்து அளந்து ஒடித்தார். நான் மெதுவாக என் கால் இரண்டையும் சாரத்துக்குள் இழுத்துக்கொண்டேன்.

அன்று லுஹருக்குப் பள்ளிக்குப் போனேன். கை கால் கழுவி ஒளூச் செய்யும் இடத்தில் மர மிதியடி இரண்டு சோடி கிடக்கும். தொழுதுவிட்டு வெளியே வந்தபோது ஒரு சோடி என் காலில் இருந்தது. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. வாசலில், தொழுவிக்கும் லெப்பையைக் கண்டேன்.

"லெப்பை, நேர்ச்சைக் கிடாய் களவு போனா என்ன சட்டம்?"

"எங்கட பிழை இல்லாமப் போனா எங்கட மேல ஒண்டும் இல்ல. எங்கட பிழையால போனா அது எங்கட கழுத்தில. வேற கிடாய் குடுத்துத்தான் தீரணும்."

"தெரியாம ஒரு கை குடுத்தா?"

"யாருக்கு?"

"கள்ளனுக்கு."

"யாரு குடுத்த?"

"பொதுவாக் கேக்கிறேன் லெப்பை."

"பொதுவா ஆரும் கள்ளனுக்குக் கை குடுக்கிறல்ல." லெப்பை கீழே பார்த்தார். "அது சரி, பள்ளிட மிதியடிய எங்க கொண்டு போறீங்க?"

"கால்... காலில ஒரு முள்ளு."

ஒரு கை கொடுத்ததை மறைக்கப் பள்ளியின் மிதியடி, மிதியடியை மறைக்கப் பொய். ஷைத்தானுக்கு பஸ்கூடத் தேவையில்லை, அவன் இப்படித்தான் படி படியாகக் கூட்டிக்கொண்டு போவான்.

ஈர்க்கின் தீர்ப்பு

அஸருக்கு பஸ் திரும்பி வந்தது. ஆராச்சி கோட்டை மாட்டிக்கொண்டு காத்திருந்தார். ஊரே கூடிவிட்டது. நான் மிதியடியோடு கடைக்குள் நின்றேன். அசைந்தால் டக்கென்று சத்தம் கேட்கும் என்று அசையாமல் நின்றேன்.

"முத்தையா, காலையில கூடை ஏத்தினது யாரு?"

"ஒரு கோட்டுக்காரருங்க. கண்டிக்குக் கிட்ட எறங்கிட்டாரு."

"கீழ நின்னு தூக்கிக் கொடுத்தது?"

முத்தையா என்னைப் பார்த்தான். பிறகு என் மிதியடியைப் பார்த்தான். அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "பனிங்க சாமி. தெரியல" என்றான்.

"கால நீட்டு."

முத்தையாவின் காலில் ஈர்க்கை வைத்தார். அல்லாஹ்வின் சோதனை, நூல் பிசகவில்லை. கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. "கிடாய் இவன்கிட்டத்தான் பழக்கம்," என்றார் ஒருவர். "தோல் குடுத்துக் குடுத்துப் பழக்கி எடுத்திட்டான்," என்றார் இன்னொருவர். ஆராச்சி முத்தையாவின் தோளைப் பிடித்தார். "நட பொலிசுக்கு."

முத்தையாவுக்கு வேலை போகும். கண்டியில் அந்தச் சம்பளத்தை நம்பி அவனுடைய தாய் இருந்தாள். ஆனாலும் அவன் வாயைத் திறக்கவில்லை. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது.

டக், டக், டக் என்று வெளியே வந்தேன். மிதியடியைக் கழற்றி வைத்துவிட்டுக் காலை நீட்டினேன்.

"அளந்து பாருங்க மாத்தயா. நான்தான் தூக்கிக் குடுத்தேன். எண்ட கிடாய நானே தூக்கிக் குடுத்தேன். பார்த்து வை எண்டும் சென்னேன். கள்ளனுக்குக் கொத்தமல்லித் தண்ணியும் சென்னேன். துஆவும் செஞ்சேன்."

கூட்டத்துக்குப் பின்னாலிருந்த லெப்பை, "அதா பார், பள்ளிட மிதியடி!" என்றார்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. என் வீட்டு யன்னல் பக்கத்திலிருந்து. மைமூன் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். பொத்தி அடங்கவில்லை. "கொத்தமல்லி..." என்றாள். மீதியைச் சொல்ல முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். பள்ளிவாசல் முடுக்கு வரைக்கும் கேட்டிருக்கும். ஊர் முழுக்க என்னைப் பார்த்துச் சிரித்தது. நான் அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஏன் முத்தையா சொல்லல்ல?" என்று பிறகு அவனிடம் கேட்டேன்.

"ஒங்க வாயால வரணும்னு இருந்தேங்க மொதலாளி. இன்னும் செத்த நேரம் போயிருந்தா நானே சொல்லியிருப்பேன்" என்றான். உண்மையான மனிசன்.

ஆட்டுப்பட்டியில்

பெருநாளுக்கு ஆறு நாள்தான் இருந்தது. ஆராச்சி ஒரு கணக்குப் போட்டார். "வெட்டில்லாத காது. பெருநாள் கிழமை. இந்தக் கிடாய் கசாப்புக் கடைக்குப் போகாது. குர்பான் கிடாய் விக்கிற பட்டிக்குத்தான் போகும்." மனிதர் சும்மா ஆராச்சியாக இருக்கவில்லை.

மறுநாள் காலை நானும் அவரும் அதே பஸ்ஸில் ஏறினோம். அவருடைய அதிகாரம் பாலம் வரைக்கும்தான். பாலம் வந்ததும் கோட்டைக் கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொண்டார். "இனி நான் சும்மா ஆள் முதலாளி. பேச்செல்லாம் நீங்க."

கண்டிப் பட்டணத்தின் ஓரத்தில் அந்தப் பட்டி. மூங்கில் வேலிக்குள் நாற்பது ஐம்பது கிடாய். பாதி கறுப்பு. வியாபாரி மரியாதையான மனிதர், தொப்பியும் தாடியுமாய் இருந்தார்.

"என்ன அடையாளம் நானா?"

"கறுப்பு."

"அதுக்கு மேல?"

"காதில வெட்டில்ல."

அவர் வேலிப் பக்கம் கையை நீட்டினார். "குர்பான் கிடாய். ஒண்டுலயாவது வெட்டு ஈக்குதா பாருங்க."

நான் உள்ளே போய்க் கூப்பிட்டேன். ஒன்பது கிடாய் திரும்பிப் பார்த்தது. என் கையால் வளர்த்தது எதுவென்று எனக்கே தெரியவில்லை. கோட்டில்லாத ஆராச்சி ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அழுகை முட்டியது. அல்லாஹ்வுக்கு விலாசம் தெரியும் என்று பெரிய வாயாகச் சொன்னவன், அவன் தந்த முகத்தையே அடையாளம் தெரியாமல் நிற்கிறேனே என்று.

அப்போது றோட்டில் போம், போம்.

முத்தையா ட்ரைவரைக் கெஞ்சி, பஸ்ஸைப் பட்டிக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தச் செய்திருந்தான். எல்லாக் கிடாயும் தின்றுகொண்டிருந்தது. ஒன்று மட்டும் தலையைத் தூக்கி 'ம்ஹெ' என்றது. கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு வந்தது. வேலியை ஒரே தாவாகத் தாவி, முன்னங்கால் இரண்டையும் மிதிபலகையில் வைத்து, கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. முத்தையா இடுப்பிலிருந்து வாழைப்பழத் தோலை எடுத்தான்.

வியாபாரி வாயில் கை வைத்துக்கொண்டார். "கொண்டு போங்க நானா. நேர்ச்சைக் கிடாய நான் தெரியாம வாங்கிட்டேன். தெரிஞ்சும் வெச்சிக்கிட்டா என்ன முஸ்லிம்? வித்தவன நான் பார்த்துக்கொள்றேன்."

அவர் பார்க்க வேண்டி வரவில்லை. மழைக்காலத்தில் அந்த இருமல்காரத் தம்பி கோழிக் கூடையோடு கடுகண்ணாவைக் கணவாயில் ஏறிக்கொண்டிருந்தபோது பஸ்ஸின் தண்ணீர் கொதித்து நின்றுவிட்டதாம். எல்லோரும் இறங்கி நின்ற அமைதியில் கூடைக்குள் சேவல் கூவியது. அந்தச் சேவலுக்கு உரியவரும் அதே பஸ்ஸில் இருந்தார்.

பெருநாள் கழிந்து

கிடாயை மடியில் வைத்துக்கொண்டு அஸர் பஸ்ஸில் திரும்பினேன். பாலம் வந்ததும் ஆராச்சி கோட்டை மாட்டிக்கொண்டார். லெப்பையிடம் மிதியடியைக் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். அவர் அதை ஒரு சங்கிலியில் கட்டிவைத்தார். அந்தச் சங்கிலி என் பேரப்பிள்ளைகள் காலத்திலும் அங்கே இருந்தது.

பெருநாளன்று தொழுகை முடிந்து, என் கையாலேயே நேர்ச்சையை நிறைவேற்றினேன். நேர்ச்சை இறைச்சி கொடுத்தவனுக்கு ஆகாது. எல்லாம் ஏழைகளுக்குப் போனது. எங்கள் வீட்டில் அன்று பருப்பும் மாசிச் சம்பலும். மைமூன் பரிமாறும்போது ஒரு தடவை "கொத்தமல்லி" என்றாள், இருவரும் சிரித்தோம்.

மறுநாள் காலை பனி. பஸ் வந்து திரும்பியது. போம், போம். முத்தையா பழக்க தோஷத்தில் தோலைக் கையில் வைத்துக்கொண்டு இறங்கினான். கொட்டில் பக்கம் பார்த்தான். பிறகு தோலை என்ன செய்வதென்று தெரியாமல் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டான்.

மறுபடியும் போம், போம். எங்கேயும் பதில் இல்லை. எனக்குத் திடீரென்று இருமல் வந்தது.

உள்ளேயிருந்து மைமூன் வந்தாள். இந்த முறை சிரிக்கவில்லை. கோப்பையை என் கையில் வைத்தாள். கொத்தமல்லியும் இஞ்சியும், சுடச்சுட.

"குடிங்க. நெஞ்சில சளி."

சளி ஒன்றும் இருக்கவில்லை. குடித்தேன்.